உம்மாவுக்கு ஓர் ஆற்றங்கரை வீடு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் தெற்கு நோக்கி நீங்கள் பயணம் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் இரு புறமும் வாவி தெரியும். 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் பக்கத்தில் நிற்க, 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தால் உங்கள் பஸ் போகும். இங்குள்ள பாடும் மீன்களைப் பற்றி யாராவது ஒருவர் உங்களுக்குச் சொல்லாமல் விடமாட்டார். கல்லடியும் நாவற்குடாவும் கழிந்ததும் வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாகத் தோன்றும். அதுதான் எங்கள் காத்தான்குடி. இடது பக்கம் திரும்பினால் கடல். வலது பக்கம் திரும்பினால் வாவி. வாவி என்பது புத்தகத்துச் சொல். எங்கள் வாயில் அது ஆறுதான். அதன் கரை ஆற்றங்கரை.

வலது பக்கமே திரும்புங்கள். ஒழுங்கைகள் போகப் போக ஒடுங்கும். கடைசி ஒழுங்கையின் முடிவில், கண்டல் மரங்களுக்கு இப்பால் ஒரு சின்ன வீடு இருக்கிறது. ஓர் அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை, இரண்டு விறாந்தைகள். அவ்வளவுதான். பார்ப்பதற்கு விசேடமாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் நாங்கள் கற்றுக்கொண்டவை பல. வயதான தாயோ தந்தையோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனால்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

மூன்று வீடுகள் கொடுத்தவர்

கொழும்பிலும் கண்டியிலும் உள்ள வாசகர்களுக்கு எங்கள் கிழக்கின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். பெற்றோர் தாம் இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள்ளோ அடுத்த காணியிலோ இன்னொன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்தவளுக்கு வயது வந்ததும் அதையும் கொடுத்துவிட்டு மறுபடியும் நகர்வார்கள்.

என் உம்மாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள். உம்மம்மா உம்மாவுக்குக் கொடுத்த வீடு 1977 இல் மூத்த ராத்தாவுக்குப் போனது. அடுத்து வாப்பா கட்டிய வீட்டின் கூரையை 1978 நவம்பர் 23 ஆந் திகதிச் சூறாவளி கொண்டுபோய்விட்டது. கூரையைத் திரும்பப் போட்டு அதை இரண்டாவது ராத்தாவுக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது வீடு 1988 இல் எனக்கு வந்தது. அதன் பிறகு உம்மாவுக்கென்று வீடு இருக்கவில்லை. வாப்பா மௌத்தான பின்னர் என் வீட்டின் பின்னறையில் இருந்தார். நாங்கள் யாரும் அவரைக் குறைவாக நடத்தவில்லை. ஆனாலும் அந்த அறையிலிருந்து மலசலகூடத்துக்குப் போக மூன்று படிகள் இறங்கி, முற்றத்தைக் கடந்து, ஒரு படி ஏற வேண்டும். முப்பத்து மூன்று வருடங்களாக அந்த வீட்டில் இருந்த எனக்கு அது ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

2021 ஆம் ஆண்டு மாரியில் ஓர் இரவு, சுபஹுக்கு முன் எழுந்துபோன உம்மா இரண்டாவது படியில் சறுக்கி விழுந்தார். கையை ஊன்றியதால் மணிக்கட்டு எலும்பு வெடித்ததோடு போயிற்று. இடுப்பு எலும்பு முறிந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு விதமாகத்தான் எழுத வேண்டி வந்திருக்கும். அப்போது உம்மாவுக்கு எண்பது வயது.

மூன்று பிள்ளைகளும் கூடிப் பேசினோம். ஆற்றங்கரையில் வாப்பாவின் காணித் துண்டொன்று மிஞ்சிக் கிடந்தது. அதில் உம்மாவுக்கு ஒரு வீடு கட்டுவதென்றும், பக்கத்து வளவில் இருக்கும் இரண்டாவது ராத்தாவின் மகள் இரவில் வந்து அவருடன் படுப்பதென்றும் முடிவு செய்தோம். இதைச் சொன்னபோது உம்மா சிரித்தார்.

“எனக்கென்னத்துக்கு புள்ள ஊடு? மூணு ஊடு குடுத்திட்டன். இனி என்ட ஊடு மையவாடியிலதான் இரிக்கி.”

அந்தச் சிரிப்பு எங்களைப் பல நாட்கள் தூங்கவிடவில்லை.

சுண்ணாம்புக் கோடு

மூத்த ராத்தாவின் மகன் கட்டடப் படம் வரையத் தெரிந்தவர். அவர் அழகான படமொன்று வரைந்தார். எல்லா யன்னல்களும் ஆற்றைப் பார்த்திருந்தன. ஒழுங்கைப் பக்கம் வெறும் சுவர். இரைச்சலும் புழுதியும் வராது, உம்மா நிம்மதியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது.

அத்திவாரம் வெட்டுவதற்கு முன் மேசன் ஒரு யோசனை சொன்னார். அறைகளை நிலத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுவோம், வந்து பார்க்கட்டும் என்றார். உம்மாவைக் கூட்டிவந்து கோட்டுக்குள் கதிரை போட்டு இருத்தினோம். அவர் ஆற்றையும் பார்த்தார், திரும்பி ஒழுங்கையையும் பார்த்தார்.

“தம்பி, இந்த ஊட்டுக்குத் தெருப் பக்கம் கண் இல்லியா?” என்று கேட்டார்.

அப்போதுதான் விளங்கியது. உம்மாவுக்கு மனிதர்கள் வேண்டும். மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைகள், மீன்காரர், ஒரு சலாம் சொல்லிப் போகும் அயலவர்கள். காலையில் இருந்து மாலை வரை தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நோய் மாற வந்தவரல்லவே! படம் மாறியது. அறையின் கிழக்குச் சுவரில் ஒழுங்கையைப் பார்த்து ஒரு பெரிய யன்னல். அதன் வெளியே இருந்து கதைக்க ஒரு சின்ன விறாந்தை. மேற்கே ஆற்றைப் பார்த்து இன்னொரு யன்னல். இரண்டும் நேருக்கு நேர் வந்ததால், நாங்கள் எதிர்பாராத நன்மையாகக் காற்றும் ஊடறுத்து ஓடியது.

கல் வைத்த பிறகு மாற்றுவதென்றால் பணம். சுண்ணாம்புக் கோட்டை அழிக்கச் செலவில்லை. வீடு கட்டுபவர்கள் இந்த ஒன்றையாவது செய்து பாருங்கள்.

உயரமா, படியில்லாமலா?

ஆற்றங்கரை வீட்டின் பெரிய சிக்கல் இதுதான். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. மாரியில் மேற்கேயுள்ள வயல்களின் வெள்ளமெல்லாம் இதற்குள்தான் வந்து விழும். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் தண்ணீர் கடலுக்குள் இறங்காமல் கரைக்கு ஏறும். 1957 டிசம்பர் வெள்ளத்தை உம்மா கண்டவர். 2011 ஜனவரி வெள்ளத்தை நாங்கள் எல்லோரும் கண்டோம். பக்கத்து வளவின் கிணற்றுக் கட்டில் அந்த வெள்ளம் விட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. எங்கள் காணி மட்டத்திலிருந்து அது ஒன்றரை அடி.

ஆகவே தரையை இரண்டடி உயர்த்தியே ஆக வேண்டும். இரண்டடி என்றால் நான்கு படிகள். உம்மாவை விழுத்தியதே படிதான்!

வழி, சாய்தளம். சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் பாதுகாப்பாக ஏறுவதற்கு, ஓர் அடி உயர்வதற்கு 12 அடி நீளம் விட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பொதுக் கட்டடங்களில் வலது குறைந்தோருக்கான வசதிகள் பற்றி 2006 இல் நமது நாட்டில் ஒழுங்குவிதிகளே வந்துவிட்டன. வீட்டுக்கு யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் உடம்பு எங்கேயும் ஒரே உடம்புதான். இரண்டடிக்கு 24 அடி. தெற்குச் சுவரோரமாக 12 அடி ஏறி, 5 அடி சமதளத்தில் இளைப்பாறி, மீண்டும் 12 அடி ஏறினால் ஆற்றுப் பக்க விறாந்தை வரும். அகலம் நான்கடி. இரு ஓரமும் கோல் நழுவாதபடி மூன்று அங்குலக் கட்டு. இடுப்பளவில் இரு பக்கமும் பிடிகம்பி. மேற்பரப்பைச் சீமெந்து காயுமுன் தும்புத் தடியால் கோடிழுத்துச் சொரசொரப்பாக்கினோம். ஒழுங்கைப் பக்க வாசலில், விருந்தாளிகளுக்கு நான்கு படிகள் இருக்கின்றன. அங்கும் கைபிடி உண்டு.

2022 இல் சீமெந்தின் விலை எங்கள் கண் முன்னாலேயே ஏறியது. சாய்தளத்தைக் குட்டையாக்கினால் இத்தனை பை மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள். செங்குத்தாய்ப் போன சாய்தளம் படியைவிட ஆபத்தானது. அதனால் அதைக் குறைக்காமல், ஆற்றுப் பக்கத்துக்குத் திட்டமிட்டிருந்த அலங்காரத் தூண்களை விட்டுவிட்டோம். இன்று அந்தச் சாய்தளம்தான் உம்மாவின் நடைபாதை. அஸருக்குப் பின் நான்கு தடவை ஏறி இறங்குவார்.

கரையிலே கட்டுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. தண்ணீருக்கு அண்மையில் ஒதுக்குக் காணி விட வேண்டும். முன்கூட்டியே உரிய இடங்களில் அனுமதி கேளுங்கள். நாங்கள் கேட்டதால் வீடு பின்னுக்கு வந்தது, கண்டல்களும் தப்பின. அந்த மரங்கள்தான் கரையை அரிக்காமல் பிடித்து வைத்திருக்கின்றன. அடுத்தது மலக்குழி. மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குழி தாழ்வாக இருந்தால் கொமட்டில் தண்ணீர் இறங்காது. கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி, உயர்த்தி, பூசி மூடிய குழியாகக் கட்டினோம்.

ஒன்பது எட்டு

கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒன்பது எட்டு. உம்மாவின் எட்டால்தான் அளந்தோம், மேசனின் எட்டால் அல்ல. குளியலறை அறையோடு சேர்ந்தே இருக்கிறது. இடையில் வாசற்படியோ நிலைக்கட்டையோ கிடையாது. கதவுகள் எல்லாம் மூன்றடி அகலம். குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் கதவோடு சாய்ந்து விழுந்துவிட்டால், உள்ளே திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளித் திறக்க இயலாது. கொழுக்கியையும் வெளியிலிருந்து எடுக்கக்கூடியதாகப் போட்டோம்.

கொமட்டை 18 அங்குல உயரத்தில் வைத்து, முகமோ முதுகோ கிப்லாவுக்கு வராமல் வடக்குத் தெற்காகத் திருப்பினோம். வுழூச் செய்ய ஓர் இருக்கை. அதே 18 அங்குலம். அதற்கு முன்னால் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பைப்பும், கால் கழுவக் கீழே இன்னொன்றும். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை பேசினுக்குள் தூக்கி வைத்துக் கழுவும் பழக்கத்தில் எத்தனை முதியவர்கள் விழுந்திருக்கிறார்கள்! குளிக்கும் பக்கத் தரை மற்றதைவிடச் சற்றே சரிவு. தண்ணீர் அங்கேயே வடிந்துவிடும். கொமட் பக்கம் எப்போதும் காய்ந்திருக்கும்.

பிடிகம்பியில் ஒரு பாடம் கிடைத்தது. முதலில் பூச்சுச் சுவரில் துளைபோட்டு, நான்கு ஆணியில் மாட்டிவிட்டோம். இவர் சும்மா ஒரு தடவை உடம்பைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார். பூச்சோடு கையில் வந்தது. உம்மா அதை நம்பிப் பிடித்திருந்தால்? பிறகு அந்த இடத்துக் கல்லைக் கழற்றி, கொங்கிறீற் நிரப்பி, அதற்குள் இறுக்கினோம். ஆற்று நீரில் உப்பு கலந்திருப்பதால் காற்றிலும் உப்புண்டு. சாதாரண இரும்பு இரண்டு மாரிக்குள் துருவேறிவிடும். ஆகவே துருப்பிடிக்காத உருக்கையே வாங்குங்கள்.

தண்ணீரின் வெளிச்சம்

இனி உங்களை ஆற்றுப் பக்க விறாந்தைக்கு அழைத்துப் போகிறேன். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் ஆறு மேற்கே. கிப்லாவும் மேற்கிலிருந்து சற்று வடக்கே. உம்மா இப்போது கதிரையிலிருந்து தொழுகிறார். அறையில் அவருடைய தொழுகைக் கதிரைக்கு முன்னால் வெறும் சுவர்தான் இருக்கிறது. யன்னலை அதிலிருந்து தெற்கே தள்ளி, கட்டிலுக்கு நேராக வைத்தோம். சாதாரணமாக யன்னலின் அடி நிலத்திலிருந்து மூன்றடியில் இருக்கும். படுத்திருப்பவருக்கு அதனூடாக வானம் மட்டுமே தெரியும். இதை 20 அங்குலத்தில் வைத்துக் கம்பி போட்டோம். தலையணையில் சாய்ந்தபடியே தோணி போவது தெரியும்.

மேற்கு முகம் என்றால் பின்னேர வெயில். வைகாசி முதல் கச்சான் காற்றும் அனலாய் அடிக்கும். அதற்காக விறாந்தையை எட்டடி ஆழமாக்கி, கூரையைத் தாழ இறக்கி, சுருட்டக்கூடிய தட்டிகள் தொங்கவிட்டோம். ஆனால் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வரவில்லை. தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வந்தது. நாங்கள் ஆசைப்பட்டு விறாந்தைக்குப் பதித்த பளபளப்பான டைல்ஸ், நாலு மணிக்குக் கண்ணாடியாய் மின்னியது. பார்த்தவர்கள் எல்லோரும் அழகென்றார்கள். உம்மா மட்டும் வாசலோடு நின்றார்.

“தண்ணி நிக்கிது புள்ள” என்றார்.

தண்ணீர் இல்லை என்று சொன்னோம். அவர் காலை வைக்கவில்லை. கண்ணில் வெண்படலம் உள்ளவர்களுக்கு மின்னும் தரையும் ஈரத் தரையும் ஒன்றுபோலவே தெரியும். பிழை அவருடைய கண்ணில் இல்லை, எங்கள் ஆசையில். டைல்ஸை உடைத்து, மின்னாத, பிடிப்புள்ள மண்ணிறத் தரை போட்டோம். செலவு இரண்டு தடவை. கூடவே சுவர் வெள்ளை, தரை மண்ணிறம், ஓரங்களில் மஞ்சள் கோடு என்று நிறங்களையும் பிரித்தோம். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். ஆகவே முதியவருக்கு வெளிச்சம் கூட வேண்டும்; கண் கூசும் வெளிச்சம் கூடாது. இரவில் கட்டிலிலிருந்து குளியலறை வரை, முழங்காலுக்குக் கீழே இரண்டு சின்ன பல்புகள் விடியும் வரை எரியும்.

அக்கரை

உம்மாவுக்கு ஆறு வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்கை பகலுக்கு, ஆறு சுபஹுக்குப் பின்னால். வாவியின் இந்தக் கரையை எழுவான்கரை என்றும், அந்தக் கரையைப் படுவான்கரை என்றும் சொல்வோம். சூரியன் எழும் கரையும் படும் கரையும். படுவான்கரையில் வாப்பாவுக்கு வயல் இருந்தது. அறுவடைக் காலத்தில் உம்மா தோணியில் சோறு கொண்டு போவாராம். 1990 இற்குப் பின் அந்த வயலுக்கு எங்களால் போக முடியவில்லை. வாப்பா அதைத் திரும்பக் காணாமலே மௌத்தானார்.

ஒரு காலை நான் போனபோது உம்மா கட்டிலில் இருந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “அந்தப் பனைக்கு இஞ்சால, வாய்க்கால் திரும்புற இடம்” என்றார். எனக்கு எல்லாப் பனையும் ஒன்றாகவே தெரிந்தது. அந்த வெண்படலக் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. யன்னலை 20 அங்குலத்தில் வைத்தது நல்லதாய்ப் போயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

2024 நவம்பர் கடைசியில் பெருமழை பெய்து வெள்ளம் வந்தது. ஆறு கரையேறி, வளவுக்குள் வந்து, சாய்தளத்தில் பாதிக்குமேல் ஏறி, தரைக்கு ஒன்பது அங்குலம் கீழே நின்றது. பதறிப்போய் உம்மாவைக் கூட்டிவரப் போனோம். அவர் தன் சின்னக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். “சாப்பாடு நாங்கள் தருவோம், உங்களுக்குக் குசினி எதற்கு?” என்று நாங்கள் முதலில் மறுத்த குசினி அது. வெள்ளத்தில் வீட்டை விட்டு வந்த அயல் பெண்கள் இருவர் விறாந்தையில் இருந்தார்கள்.

எங்களைக் கண்டதும் உம்மா சொன்னார்: “நனையாம ஏறி வாங்க. என்ட ஊட்டுல இடமிரிக்கி.”

பின்னறையில் இருந்த அத்தனை வருடங்களிலும் ‘என்ட ஊடு’ என்று உம்மா சொல்லி நான் கேட்டதில்லை. யாரையும் ‘வாங்க’ என்று அவராக அழைத்ததும் இல்லை. அழைப்பதற்கு அவருக்கு ஒரு வாசல் இருக்கவில்லை.

வாசகர்களே! எல்லோருக்கும் ஆற்றங்கரைக் காணி இருக்காது. இன்னொரு வீடு கட்ட வசதியும் இருக்காது. பரவாயில்லை. இன்றிரவு எல்லோரும் படுத்த பின், உங்கள் உம்மாவின் அல்லது வாப்பாவின் கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை விளக்கைப் போடாமல் ஒரு தடவை நடந்து பாருங்கள். எத்தனை எட்டு, எத்தனை படி, எங்கே கை பிடிக்க ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். விடிந்ததும் அவரிடமே போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள். முதலில் “ஒண்டும் வாணாம்” என்றுதான் சொல்வார். இரண்டாந் தடவையும் கேளுங்கள்.